செம்புத் தகடும் தேக்கு மரமும்

கடல் கடந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சென்று பொருள் ஈட்டிய நகரத்தார் கப்பலேற்றிக் கொணர்ந்த பர்மாத் தேக்கு, காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் முகப்புத் தூண்களாகவும் நிலைக்கதவுகளாகவும் இன்றும் உறுதி குலையாமல் நிற்கிறது. வீட்டுக்குள் நிற்கும் தேக்குக்கு அவ்வப்போது எண்ணெய் பூசித் துடைத்தால் போதும். கோயிலில் வெட்டவெளியில் நிற்கும் கொடிமரத்துக்கோ வெயிலும் மழையும் நேரே படுவதால், பீடம் முதல் உச்சி வரை உலோகத் தகட்டால் கவசம் செய்து போர்த்துவது நம் நாட்டு வழக்கம். அந்த வேலையை அருகிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு. கப்பல் சரித்திரத்தில் எனக்குள்ள ஈடுபாடே அதற்குக் காரணம். ஏனெனில், மரக்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு அடித்த ஐரோப்பியர் பட்ட சங்கடங்களையெல்லாம், மரத்துக்குச் செம்பு போர்த்தும் நம் ஆசாரிமாரும் பட்டுத்தான் தெளிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

காரைக்குடியில் கொப்புடையம்மன் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், ஓடு வேய்ந்த ஒரு நீண்ட தாழ்வாரத்தில் பட்டறை இருந்தது. கிராமக் கோயில் ஒன்றின் குடமுழுக்குக்காகத் தயாராகும் கொடிமரம் மரக்கட்டைகளின்மேல் படுக்கையாகக் கிடத்தப்பட்டிருக்க, பெரிய ஆசாரியும் அவருடைய மருமகனும் ஆளுக்கொரு பக்கம் அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தனர்.

செம்பு மிருதுவான உலோகந்தான். ஆனால் அடிக்க அடிக்க முறுக்கேறி விறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் அடித்தால் வெடித்துவிடும். ஆகையால், சற்று நேரம் தட்டியதும் தகட்டைக் கரியுலையில் இட்டு, மங்கிய சிவப்பு ஏறும் வரை காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து எடுக்கிறார்கள். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக, உலைக்கு நேரே உள்ள சன்னலில் ஒரு கோணியைத் தொங்கவிட்டு மூலையை இருட்டாக்கி வைத்திருந்தனர். சிவக்கக் காய்ந்த எஃகு தண்ணீர் பட்டால் இறுகிப்போகும்; செம்போ இளகிய பதத்திலேயே நிற்கும். பிறகு, தகட்டில் படிந்த கருமையைப் புளியாலும் மணலாலும் தேய்த்துப் போக்கி, குங்கிலியத்தையும் செங்கல் தூளையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சிய அரக்குப் படுகையின்மேல் அதைப் பதிய வைக்கிறார்கள். உளி பட்ட இடம் மட்டும் அமிழ, மற்ற இடம் அசையாதபடி பிடித்துக்கொள்வது அந்தப் படுகையின் குணம். கோடையில் எண்ணெயைக் குறைத்தும் மார்கழியில் கூட்டியும் அதன் பதத்தைக் காப்பாற்றுகிறார்கள். உளிகளின் முனையோ மழுங்கியது. வெட்டாமல் அழுத்துவதே அதன் தொழில். பின்புறமிருந்து மேடெழுப்பி, முன்புறமிருந்து கோடிட்டு, தாமரையிதழ் வரிசை ஒன்றை மருமகன் என் கண்முன்னே எழுப்பிக் காட்டினார்.

அந்த வேலைப்பாட்டில் நான் மனம் பறிகொடுத்து நிற்பதைக் கண்ட பெரிய ஆசாரி, “பூவும் இதழும் யாரு வேணும்னாலும் தட்டிப் பழகிரலாம் ஐயா. மடிப்புல தண்ணி எறங்காம பாக்குறதுதான் தொழிலு. இங்கிட்டு வந்து அதைப் பாருங்க” என்று என்னை மரத்தின் அடிப்பக்கத்துக்கு அழைத்தார். தகடு எப்போதும் அடியிலிருந்து உச்சியை நோக்கியே ஏறுகிறது. கூரைக்கு ஓடு வேய்வதுபோல, மேல் தகட்டின் ஓரம் கீழ்த் தகட்டின்மேல் ஒரு விரற்கடை அகலம் படிகிறது. மரம் மேலே போகப் போகச் சிறுப்பதால், ஒவ்வொரு சுற்றுக்கும் காகிதத்தில் அச்சு வெட்டிப் பொருத்திப் பார்த்த பின்பே செம்பில் கத்தரி படுகிறது. ஆணிகளும் செம்பாணிகளே. தேக்கு வன்மரமாகையால், செம்பாணியை நேரே அடித்தால் மடங்கிப்போகும். அதனால் ஆணியைவிடச் சற்றே மெல்லிய துளையை முதலில் இட்டு, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்குகிறார்கள். இரும்பாணி என்றால் துளையே வேண்டாமே என்று கேட்டேன். “எறங்குறது சுலபந்தான். ரெண்டு மழைக்காலம் போகட்டும், உள்ள இருக்கிற ஆணியை அரிச்சுப்புடும், தகடு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும்” என்றார் அவர்.

இந்தப் பாடத்தைப் பிரிட்டிஷ் கடற்படை பெருஞ்செலவில் கற்றது. வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவைத் தடுப்பதற்காக, 1761-ஆம் ஆண்டில் ‘அலாரம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். புழு தோற்றது, ஆயினும் கப்பல் திரும்பியபின் பரிசோதித்தபோது, செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு பல இடங்களில் அரித்து உளுத்திருந்தது. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாக இடையில் சிக்கிய இடங்களில் மட்டும் இரும்பு கெடாமல் இருந்தது. இரும்பு முளைகளை விலக்கிச் செம்புக் கலவை முளைகளுக்கு மாற மேலும் சுமார் 20 ஆண்டுகள் பிடித்தன. பின்னர் 1824-இல் ஹம்ப்ரி டேவி என்ற ரசாயன அறிஞர், கடல்நீரில் செம்பு கரைவதைத் தடுக்க, அதனோடு இரும்பும் துத்தநாகமும் சேர்த்துப் பார்த்தார். கரைவது நின்றது, உடனே சிப்பியும் பாசியும் கப்பலில் அப்பிக்கொண்டன. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்தே அவற்றை விலக்கி வைத்திருந்தது என்பது அப்போதுதான் புலனாயிற்று.

அக்காலக் கப்பல்களின் மாதிரியைச் செய்து பார்ப்பவர்களுக்கும் மடிப்பின் விதி பொருந்தும். 48 அங்குல நீளமும் 14 அங்குல அகலமும் உள்ள அசல் தகடு, 64-இல் ஒரு பங்காகக் குறுக்கிய மாதிரியில் 19 மில்லிமீட்டர் நீளமும் ஐந்தரை மில்லிமீட்டர் அகலமும் உள்ள துணுக்காகிவிடுகிறது. பசை தடவிய செம்புப் படலத்தை அப்படி வெட்டி ஒட்டி, ஆணித் தலைகளை அழுத்திக் காட்டும்போதும், முன் தகட்டின் ஓரம் பின் தகட்டின்மேல் படியுமாறு அடுக்குவதே முறை. கப்பல் முன்னே செல்லும்போது தண்ணீர் ஓரத்தைக் கிளப்பாமல் வழுக்கிப் போவதற்காக அசலில் கண்ட ஏற்பாடு அது. கொடிமரத்தில் மழைநீர் மேலிருந்து கீழே வடிகிறது. கப்பலில் கடல்நீர் முன்னிருந்து பின்னே ஓடுகிறது. இரண்டிலும் தண்ணீரின் போக்கை அனுசரித்தே மடிப்பு அமைகிறது.

இரும்பு ஏன் அரிக்கிறது என்பதற்கு விளக்கமும் காரைக்குடியிலேயே உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் அளிக்க, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஆராயும் முக்கிய விஷயங்களில் உலோக அரிப்பும் ஒன்று. ஒன்றையொன்று தொடும் செம்பும் இரும்பும் ஈரம் பட்டதும் ஒரு சிறு மின்கலமாகிவிடுகின்றன. அதில் கரைந்துபோவது இரும்பு. அந்தச் சாஸ்திரத்தைப் படித்தறியாத ஆசாரி, தம் முன்னோரிடம் கற்ற பழக்கத்தால் அதே முடிவில் நிற்கிறார்.

பட்டறையில் எனக்கு வருத்தம் தந்த செய்தியும் ஒன்று உண்டு. கவசத்துக்குக் கூலி பேசும்போது செம்பின் எடை, வேலைப்பாடு, மெருகு ஆகிய மூன்றும் கணக்கில் வருகின்றன. துளையிடவும் மடிப்பைப் படிய வைக்கவும் செல்லும் நேரத்துக்கு யாரும் விலை சொல்வதில்லை. குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டு, இரும்புத் திருகாணி முடுக்கி, அதன் தலையில் பொன்வண்ணம் பூசிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கொடியேற்றத்தன்று இரண்டு வேலையும் ஒரே மாதிரிதான் பிரகாசிக்கும். வித்தியாசம் தெரியும்போது கூலி வாங்கியவர் ஊரிலிருக்க மாட்டார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்வது மரபாகையால், அடுத்த திருப்பணி வரை தகடு நெகிழாமல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. திருப்பணிக் குழுவினர் ஒப்பந்தம் எழுதும்போது, எத்தனை கிலோ செம்பு என்று கேட்பதோடு, எந்த உலோகத்தில் ஆணி, எத்தனை விரற்கடை மடிப்பு என்பவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டால், நல்ல வேலைக்காரருக்கு அவருடைய நேரத்துக்கு உரிய கூலி கிடைக்கும்; கோயிலுக்கும் இரட்டைச் செலவு மிச்சமாகும்.