விசிறிக்குக் கீழே கடல்

எம்எச்-53இ. சீ டிராகன். அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர். அதன் மூக்கில் லாரிக்கு இருப்பதுபோலப் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி.

ஆகாயத்தில் பறப்பதற்கு எதற்குப் பின்கண்ணாடி?

இழுப்பதற்கு. வடத்தில் கட்டிப் பின்னால் இழுத்து வருவது எங்கே வருகிறது, எப்படி வருகிறது என்று விமானி பார்த்தாக வேண்டும்.


மூன்று எஞ்சின். ஏழு இறக்கை. மேல் விசிறியின் விட்டம் சுமார் 24 மீட்டர். மூக்கிலிருந்து வால் வரை 30 மீட்டர். இதே உடலை மரைன் படையும் பீரங்கி தூக்கப் பயன்படுத்துகிறது. கடலில் இதன் முக்கிய வேலை தூக்குவது இல்லை. கூட்டுவது.


கூட்ட வேண்டியது கடற்கண்ணிவெடியை. அது பொறுமையானது. கப்பலின் இரும்புக்கும் ஓசைக்கும் தண்ணீர் அழுத்தத்துக்கும் காத்துக் கிடக்கும். ஹெலிகாப்டர் தண்ணீரில் இல்லை. அதனால் அது இதில் அகப்படாது.

பின்னால் இழுபடும் மிதவை வேகம் கூடியதும் கால்களில் எழுந்து நிற்கும். அதன்மேல் ஒரு டர்பைன் மின்சாரம் தயாரிக்கும். அந்த மின்சாரம் பின்னால் நீளும் கம்பிக்குள் ஓடி, தண்ணீரில் ஒரு பெரிய கப்பலின் காந்தத்தை உண்டாக்கும். இன்னொரு கருவி கப்பல் விசிறியின் இரைச்சலை எழுப்பும்.

கண்ணியிடம் “நான்தான் கப்பல்” என்று சொல்வது. அவ்வளவுதான் வேலை.

சில கண்ணிகளுக்கு எண்ணவும் தெரியும். முதல் கப்பலை விட்டுவிடும். இரண்டாவதையும் விடும். அதனால் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஒருமுறை போய்விட்டு “சுத்தம்” என்று சொல்ல முடியாது.


வால்பக்கத்துக் கதவு முழுக்கத் திறந்திருக்கும். அதன் வழியாகத்தான் வடம் போகிறது. அங்கே எப்போதும் ஆள் உண்டு. ஆபத்து என்றால் வடத்தை ஒரே வெட்டில் அறுக்க அங்கேயே ஒரு வெட்டுக்கருவி இருக்கும்.

இழுக்கும்போது ஹெலிகாப்டர் மூக்கைத் தாழ்த்தியே பறக்கும். செக்கு மாடு கழுத்தைத் தாழ்த்துகிற மாதிரி. அப்படியே மணிக்கணக்காக, தண்ணீருக்குச் சற்று மேலே.


முதல் உலகப் போரில் பிரிட்டன் கண்ணி வாரியது மீன்பிடிப் படகுகளை வைத்து. மடி இழுக்கிற படகுகள். மீனவர்களே ஆட்கள். இரண்டு படகுக்கு நடுவில் ஒரு கம்பி வடம்.

மடி இழுக்கத் தெரிந்தவனுக்குக் கண்ணி வாரவும் தெரியும் என்று யாரோ ஒருவருக்கு அன்று தோன்றியிருக்கிறது.

1917 பிப்ரவரியில் ஜெர்மானியக் கப்பல் ‘வுல்ஃப்’ கொழும்புக்கு வெளியேயும் கண்ணி போட்டுவிட்டுப் போனது. நம் பக்கத்துத் தண்ணீர்.


வட வியட்நாமின் ஹைபோங். 1972 மே 9. துறைமுக வாயிலில் அமெரிக்க விமானங்கள் கண்ணி போட்டன. 1973-ல் பாரிஸ் ஒப்பந்தம். போட்டவர்களே வார வேண்டும் என்று அதில் இருந்தது. போர்க் காரியமாக ஹெலிகாப்டர் கண்ணி வாரியது அதுதான் முதல் தடவை. பிப்ரவரியில் தொடங்கி ஜூலை வரை.

வாரியதில் வெடித்தது ஒன்றே ஒன்று. மற்றவை பெரும்பாலும் தாமே செயலிழக்கும்படி கெடு வைத்துப் போட்டவை.

ஆழமில்லாத இடத்துக்கு ஒரு குழாய் வைத்திருந்தார்கள். ஆரஞ்சு வண்ணம் பூசிய இரும்புக் குழாய். உள்ளே மிதப்பதற்கு நுரைப் பிளாஸ்டிக். அதைக் காந்தமாக்கி இழுத்துக்கொண்டு போனார்கள். இவ்வளவு பெரிய ஹெலிகாப்டர், பின்னால் ஒரு குழாய். அந்தக் குழாய் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அடுத்த ஆண்டு சூயஸ் கால்வாய். அதே வேலை. 1975 ஜூன் 5-ல் கால்வாயில் மறுபடி கப்பல் ஓடியது.


1987 ஜூலை 24. பாரசீக வளைகுடா. ‘பிரிட்ஜ்டன்’ என்கிற எண்ணெய்க் கப்பல் கண்ணியில் மாட்டியது. காவலுக்குப் போன போர்க்கப்பல்கள் அதன்பின் எண்ணெய்க் கப்பலின் பின்னால் வரிசையாகப் போயின. தடித்த இரும்பு முன்னால், மெல்லிய இரும்பு பின்னால். ஹெலிகாப்டர்கள் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தன.

1988 ஏப்ரல் 14. அங்கேயே ‘சாமுவேல் பி. ராபர்ட்ஸ்’ என்கிற போர்க்கப்பல் மோதிய கண்ணியின் பெயர் எம்-08. அந்த 08 என்பது 1908.


1991 பிப்ரவரி 18. அதே வளைகுடா. ‘டிரிப்போலி’. கண்ணி வாரும் ஹெலிகாப்டர்களைச் சுமந்து நின்ற தாய்க்கப்பல் அது. அதுவே கண்ணியில் மாட்டியது. வயிற்றில் சுமார் 5 மீட்டருக்கு 6 மீட்டர் ஓட்டை. அன்று காலையே ‘பிரின்ஸ்டன்’ என்கிற போர்க்கப்பல் இன்னொன்றில் மாட்டியது.

துடைப்பம் இருந்த வீடு.


இறக்கைக்குள் ஒரு விஷயம். அதன் குழல் வடிவ முதுகெலும்புக்குள் நைட்ரஜன் அடைத்து வைத்திருப்பார்கள். மயிரிழை விரிசல் விட்டாலும் அழுத்தம் குறையும். விமானி அறையில் விளக்கு எரியும்.

1980 ஏப்ரல் 24 இரவு. ஈரானில் பிணைக்கைதிகளை மீட்க ‘நிமிட்ஸ்’ கப்பலிலிருந்து எட்டு ஆர்எச்-53டி கிளம்பின. எட்டும் கண்ணி வாரும் வகை. முதலில் ஒன்று பாலைவனத்தில் இறங்கி நின்றது இந்த விளக்கால்தான். கடைசியில் ஒரு ஹெலிகாப்டர் தரையில் நின்ற விமானத்தில் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். ஐந்து ஹெலிகாப்டர்கள் அங்கேயே கிடந்தன.

புரட்சிக்கு முன்பே ஈரான் இதே வகையில் ஆறு வாங்கியிருந்தது.


கொக்கியில் சுமை மாட்டுகிற ஆட்கள். மேலே ஹெலிகாப்டர் நிற்கிறது. கீழே புயல். உடம்பைச் சாய்த்துத்தான் நிற்க முடியும். சுழலும் இறக்கைகள் காற்றில் உரசி உரசி உடல் முழுக்க மின்சாரம் ஏறியிருக்கும். வெறுங்கையால் கொக்கியைத் தொட்டால் ஆளைத் தூக்கி எறியும்.

அதனால் ஒருவர் கையில் கோல். கோலிலிருந்து தரைக்கு ஒரு கம்பி. முதலில் கோல் கொக்கியைத் தொட வேண்டும். பிறகுதான் மற்றவர் கை.

அந்தக் கோலைப் பிடித்திருப்பவரை யாரும் படம் எடுப்பதில்லை.


2014 ஜனவரி 8. வர்ஜீனியா கரைக்கு அப்பால் ஒரு சீ டிராகன். பயிற்சி. ஐந்து பேர். உள்ளே எரிபொருள் குழாயோடு ஒரு மின்கம்பிக் கட்டு உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. எத்தனை நாளாகவோ. உறை தேய்ந்து, பொறி, தீ, புகை. கடல். மூவர் திரும்பவில்லை.

அன்று அங்கே கண்ணி எதுவும் இல்லை.

இதை எழுதும்போது கை நின்றுவிட்டது. ஒரு கம்பி. உரசிய இடம் விரலகலம் இருக்குமா?


சிறிய எம்எச்-60எஸ் ஹெலிகாப்டரை இழுக்கப் பழக்கிப் பார்த்தார்கள். இழுவைக்கு வலு போதவில்லை, விட்டுவிட்டார்கள். புதிய பெரிய ஹெலிகாப்டர் சிஎச்-53கே மரைன் படையின் சுமைக்கு. ஒவ்வொரு எஞ்சினும் 7,500 குதிரைத்திறன். கண்ணி வாரும் வகை அதில் இல்லை. ஆளில்லாப் படகுகள் வாரும் என்கிறார்கள். நார்ஃபோக்கில் இருந்த கண்ணி வாரும் படைப்பிரிவு ஒன்றை 2023-ல் கலைத்தார்கள்.

எனக்கு இது தவறாகப் படுகிறது. கண்ணி பழையது ஆவதில்லை.


1991 ஜனவரி 5, விடிவதற்கு முன். மொகதிஷுவில் உள்நாட்டுப் போர். அமெரிக்கத் தூதரகத்தில் மக்கள் மாட்டியிருந்தார்கள். இதே உடலுள்ள இரண்டு சிஎச்-53இ ‘டிரென்டன்’ கப்பலிலிருந்து கிளம்பின. 466 கடல் மைல். நடுக்கடலில், இருட்டில், இன்னொரு விமானத்தின் குழாயில் மூக்கைச் செருகி இரண்டு முறை எண்ணெய் குடித்தன.

கையில் இருந்த வரைபடம் 1969-ஐச் சேர்ந்தது. தூதரகம் இடம் மாறிவிட்டது. இறங்கும் இடம் தெரியாமல் கடலுக்குத் திரும்பி, மறுபடி வந்து தேடினார்கள்.

கண்டார்கள். திரும்பும்போது 61 பேர். மீதிப் பேர் அன்றிரவு சிறிய ஹெலிகாப்டர்களில். மொத்தம் 281. சோவியத் தூதரும் அதில். ஓமனுக்குப் போகும் வழியில் ‘குவாம்’ கப்பலில் ஒரு குழந்தை பிறந்தது.


‘டிரென்டன்’ கப்பலை 2007-ல் இந்தியா வாங்கியது. புதுப்பெயர் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா.

2020 ஜூன் 2. கொரோனாக் காலம். கொழும்பிலிருந்து 685 பேரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தது.

பிறகு ஈரானின் பந்தர் அப்பாஸ். ஹோர்முஸ் நீரிணையின் வாசல். ஜூலை 1-ம் தேதி 687 பேரோடு மறுபடி தூத்துக்குடி. பெரும்பாலோர் தமிழ்நாட்டு மீனவர்கள்.