பழம்பொறியும் புதுவுறுப்பும்

பழுதுற்ற பண்டங்களுக்கு நம் நகரத்தார் வகுத்துள்ள கதி இரண்டே: ஒன்று காயலான் கடை, மற்றொன்று பரண். இவ்விரண்டிற்கும் உடன்படாத சிலரும் உளர். நாற்பதாண்டுகட்கு முற்பட்ட வீட்டுக் கணிப்பொறிகளைத் தேடியெடுத்து, இக்காலத்து உறுப்புகளைப் பூட்டி, அவற்றை மீண்டும் உழைக்கச் செய்தலே அன்னார்க்கு உவப்பான பொழுதுபோக்கு. மயிலாப்பூரில் வாழும் என் தாய்மாமனும் அக்கூட்டத்தவரே. அவர் பேணும் பொறி என் பாட்டனார் விட்டுச் சென்றது.

ஸ்பெக்ட்ரம் என்பது அதன் பெயர். இங்கிலாந்தின் சின்க்ளேர் நிறுவனத்தார் 1982-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அதனை முதன்முதல் வெளியிட்டனர். 1984-இல் கெட்டியான விசைகளோடு ஸ்பெக்ட்ரம் பிளஸ் தோன்றிற்று. புனே நகரத்து டெசிபெல்ஸ் நிறுவனத்தார் உரிமம் பெற்று அதனை நம் நாட்டில் விற்றனர். நினைவகம் 48 கிலோபைட்டு. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்திற்கும் அது போதாது. திரையாவது வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி. ஏடாவது பாட்டுக் கேட்கும் கேசட்டு.

பாட்டனார் தமிழாசிரியர். அவர்க்கு இப்பொறியில் ஆட்டமும் வேண்டுவதில்லை, கணக்கும் வேண்டுவதில்லை. தமிழெழுத்து ஒன்றே வேண்டியிருந்தது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் அதில் எட்டுக்கு எட்டுப் புள்ளிகளாலான கட்டத்துள் அடங்கும். அத்தகைய கட்டங்கள் 96. அவற்றிற்கு வேண்டும் இடம் 768 பைட்டு. நினைவகத்தின் 23606, 23607 ஆகிய இரண்டு இடங்களில் உள்ள எண்களை மாற்றின், பொறி தன் ஆங்கில எழுத்துகளை விடுத்து நாம் வரைந்து வைத்தவற்றையே காட்டும். பாட்டனார் இந்நுட்பத்தைக் கற்றுக்கொண்டு, கணக்கு நோட்டின் சதுரங்களில் எழுத்துகளை வரையலானார். உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, அகரமேறிய உயிர்மெய் 18, உகர ஊகாரமேறியவை 36, கால், விசிறி, கொம்பு முதலிய குறிகள் 6, வெற்றிடம் 1; ஆக 92. டகரமும் பகரமும் தாமே வந்து கட்டத்துள் அமர்ந்தன. ணகரமும் ஞகரமும் அவரைப் படுத்திய பாட்டைப் பாட்டி இன்றும் சொல்லிச் சிரிப்பார். மிஞ்சிய நான்கு கட்டங்களில் அவர் வரைந்தவை யாவையென ஒருவருக்கும் தெரியாது. பொறியும் கேசட்டும் பரணேறிவிட்டன, அவரும் காலமாகிவிட்டார்.

நிற்க. மாமன் பொறியை இறக்கியபோது விசைகளின் அடியிலுள்ள மெல்லிய சவ்வுத்தாள் தொட்டவுடன் ஒடிந்தது. அத்தாள் இன்றும் புதிதாய்ச் செய்யப்படுகின்றது, வரவழைத்துக்கொண்டார். 9 வோல்ட்டு மின்சாரத்தை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 என்னும் சில்லு எஞ்சியதை வெறும் சூடாக்கித் தள்ளுவது. நம் சித்திரை வெயிலில் அச்சூடும் சேர்ந்தால் பொறி என்னாவது! அதே மூன்று கால்களையுடையதும் சூடேறாததுமான புதுச்சில்லு ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கி அவ்விடத்தில் வைத்தார். பின்புறத்து இணைப்பில் டிவ்எம்எம்சி என்னும் சிறு பலகை சொருகப்பட்டது, நகமளவு எஸ்.டி. கார்டு இனிக் கேசட்டின் வேலையைச் செய்யும்.

நண்பரொருவர் இதனையெல்லாம் கண்டு நகைத்தார். "உள்ளிருப்பதை எறிந்துவிட்டு, ராஸ்பெரி பை ஒன்றைக் கூட்டுக்குள் பொதிந்துவிடலாமே, ஒரு நாழிகை வேலை" என்றார். "அப்புறம் அது எங்கள் அப்பாவினுடையது ஆகாதே" என்றார் மாமன். அவர் கழற்றிய பழைய உறுப்பு ஒவ்வொன்றும் சீட்டெழுதப்பட்டு ஒரு பிஸ்கட்டு டப்பாவில் இருக்கின்றது. வேண்டின் நாளையே மீண்டும் பூட்டலாம். மூலத்தின்மேல் கைவைக்கும் உரையாசிரியரை நாம் வகுப்பில் எவ்வளவு கடிந்துகொள்கிறோம்! பெசன்ட் நகரில் உ. வே. சாமிநாதையர் பெயரால் அமைந்த நூலகத்துச் சுவடிகளைக் கண்டவர்க்கு மாமனின் கருத்து எளிதில் விளங்கும். ஏட்டிற்குப் புல்தைலம் பூசுவது ஏடு நெடுநாள் வாழ்வதற்கே, எழுத்தைத் திருத்துவதற்கன்று.

எஞ்சியது கேசட்டு. அதன் ஒலி மெலிந்திருந்தது. காந்தத் தலையின் சாய்வைச் சிறு திருப்புளியால் மயிரிழை மயிரிழையாய்த் திருப்பி, ஒலியை மடிக்கணினியில் பதிந்து, வலுவூட்டிப் பொறிக்குச் செலுத்தினோம். திரையோரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாய்ப் பட்டைகள் ஓடின. பின் நீலமும் மஞ்சளும். முடிவில் பிழையென்றது பொறி. ஒரு பைட்டு பிறழினும் கூட்டிப் பார்த்துக் கண்டுகொள்ளும் இயல்பினது அது. நல்லவேளையாகப் பாட்டனார் மறுபக்கத்திலும் அதனையே பதிந்திருந்தார். இம்முறை பட்டைகள் ஓடி முடிந்தன; பிழையில்லை. மாமன் அவ்விரண்டு எண்களையும் மாற்றினார். திரை தமிழாயிற்று.

ழகரத்தின் வாலை எட்டுப் புள்ளிக்குள் அவர் வளைத்திருந்த வளைவைக் கண்டு யான் சிறிது நேரம் பேசாதிருந்தேன். கரும்பலகையிலும் அவர் கை அவ்வாறே வளையும். ஆயினும் என் தாயார் தேடியது கடைசி நான்கு கட்டங்களையே. அவர் பெயர் ஜகரத்தில் தொடங்குவது. தம் ஒரே மகள் பெயரை எழுதத் தந்தையார் ஓரிடம் வைத்திராமலா இருப்பார்? அங்கே ஜகரம் இல்லை. அரசினர் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தால் விலக்கிய பழைய ணா, றா, னா ஆகிய மூன்றும், லை, னை முதலியவற்றின் முன் நீளும் பழைய தும்பிக்கையும் இருந்தன. "என்னை விட்டுவிட்டு யானைத் தும்பிக்கையை வைத்தாரா அப்பா!" என்று தாயார் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

தும்பிக்கையை அழித்து ஜகரம் வைப்போமென்றேன் யான். மாமன் இசையவில்லை. அந்த 96-க்குப் புறம்பாக, பயன்படுத்துவோர் தாமே வரைந்துகொள்ளுதற்கென்று 21 கட்டங்கள் இப்பொறியில் தனியே உள. பாட்டனார் அவற்றைத் தொட்டிலர். அன்றிரவு தாயார் சதுரத்தாளில் ஜகரத்தை வரைந்தார். மூன்றாம் முறையில்தான் அதன் வயிறு சரியாக அமைந்தது. அது முதற்கட்டத்தில் ஏறிற்று, எஸ்.டி. கார்டில் வேறு பெயரோடு வேறு கோப்பாக இருக்கின்றது. பாட்டனாரின் 768 பைட்டும் அவர் விட்டபடியே உள.