எண்ணெய் குடிக்கும் எஞ்சினுக்கு ஒரு பேதி மருந்து

‘உங்க வண்டி ஆயில் குடிக்குது சார்’ என்று மெக்கானிக் சொன்னால், கார் வைத்திருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். ரிங் தேய்ந்துவிட்டதா, எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா, எவ்வளவு செலவாகும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். ஆனால், ஆயில் குடிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட எஞ்சின் ஒன்று இருக்கிறது. குடிக்காவிட்டால் அது தேய்ந்து செத்துப்போகும். குடித்த ஆயில் கரியாகி உள்ளேயே தங்கிவிட்டாலும் ஆபத்துதான். ஜப்பானின் மஸ்டா நிறுவனம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கட்டிக்காத்துவரும் ரோட்டரி எஞ்சினின் கதை இது.

வழக்கமான எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். ரோட்டரியில் பிஸ்டனும் கிடையாது, வால்வும் கிடையாது. நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கிய முட்டை வடிவ அறை. அதற்குள் பக்கங்கள் சற்றே உப்பிய ஒரு முக்கோணம் சுழல்கிறது. இந்த முக்கோணத்துக்கு ரோட்டார் என்று பெயர். அதன் மூன்று முகங்களும் சுற்றிச் சுற்றி வந்து பெட்ரோலையும் காற்றையும் உள்ளே இழுத்து, அமுக்கி, எரித்து, புகையாக வெளியே தள்ளுகின்றன. ரோட்டார் ஒருமுறை சுற்றுவதற்குள் எஞ்சினின் மையத் தண்டு மூன்று முறை சுற்றிவிடும். அதனால்தான் இந்த எஞ்சின் அதிக வேகத்தில்கூட அதிராமல், தையல் மெஷின் போல வழுவழுவென்று ஓடுகிறது.

அந்த முக்கோணத்தின் மூன்று முனைகளில்தான் எல்லாச் சிக்கலும். முனைக்கும் சுவருக்கும் இடையே வாயு கசியக் கூடாது. அதற்காக ஒவ்வொரு முனையிலும் ஒரு பள்ளம் வெட்டி, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பட்டையைப் பொருத்தியிருப்பார்கள். அதுதான் அபெக்ஸ் சீல். அடியில் இருக்கும் சின்ன ஸ்பிரிங் அதைச் சுவரை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். சீல் பள்ளத்துக்குள் தாராளமாக ஏறி இறங்கினால் எஞ்சின் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். சிக்கிக்கொண்டால் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இந்த எஞ்சினைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வான்கெல். அவருடைய யோசனை 1957-ல் என்.எஸ்.யு. என்ற ஜெர்மன் நிறுவனத்தில் முதன்முதலாக ஓடும் எஞ்சினாக வடிவம் பெற்றது. 1961-ல் ஹிரோஷிமாவின் மஸ்டா அதற்கான உரிமத்தை வாங்கியது. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் உட்கார்ந்தார்கள். எஞ்சினை ஓட்டிவிட்டுப் பிரித்துப் பார்த்தால், அறையின் உட்சுவர் முழுக்க அலை அலையாகக் கீறல்கள். அபெக்ஸ் சீல் சுவரில் தடதடத்துக்கொண்டே போனதால் விழுந்த தழும்புகள் அவை. ‘சாத்தானின் நகக்கீறல்’ என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். கடைசியில் கார்பனும் அலுமினியமும் கலந்த சீல்தான் காப்பாற்றியது. 1967-ல் மஸ்டா காஸ்மோ ஸ்போர்ட் சாலைக்கு வந்தது. அதே ஆண்டு என்.எஸ்.யு. வெளியிட்ட ‘ஆர்.ஓ. 80’ கார் சீல் கோளாறுகளால் பெயரைக் கெடுத்துக்கொண்டது. 1969-ல் அந்த நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் கரைந்துபோனது.

கார்பனால் பிழைத்த எஞ்சினுக்குப் பிற்காலத்தில் வந்த எதிரியும் கார்பன்தான். இது வேறு வகைக் கார்பன். சமையல்கட்டில் பாத்திரத்தின் அடியில் பிடிக்குமே, அந்தக் கரி.

காரணம் எளிது. அபெக்ஸ் சீல் சுவரில் உரசிக்கொண்டே ஓடுகிறது. உரசும் இடத்தில் ஆயில் வேண்டும். அதனால் ஒரு சின்னப் பம்ப், எஞ்சின் ஆயிலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எரியும் அறைக்குள்ளேயே விடுகிறது. அந்த ஆயில் தன் வேலையை முடித்ததும் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது. பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கில் டூ-டி ஆயில் ஊற்றி ஓட்டியவர்களுக்கு இதன் விளைவு புரியும். சைலன்சரைத் தட்டினால் கொட்டிய கரி நினைவுக்கு வரும். ரோட்டரியில் அந்தக் கரி ரோட்டாரின் முகத்திலும், சீல்கள் உட்கார்ந்திருக்கும் பள்ளங்களிலும் படிகிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகி, வேகமாகச் சுழன்றால் பெரும்பகுதி எரிந்து வெளியேறிவிடும். சூடாகாமல் அரைகுறையாக ஓடினால் அப்படியே இறுகிவிடும்.

2003-லிருந்து 2012 வரை மஸ்டா தயாரித்த ஆர்.எக்ஸ்.-8 காரின் உரிமையாளர்களுக்கு இது மிகவும் பழக்கப்பட்ட தலைவலி. இரண்டு ரோட்டார்கள், மொத்தம் 1,308 சி.சி. மேனுவல் கியர் உள்ள மாடலில் 9,000 ஆர்.பி.எம். வரை பாயும் எஞ்சின். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான மாடல்களுக்கு, எஞ்சினின் மையப் பகுதிக்கான உத்தரவாதத்தை மஸ்டாவே 8 ஆண்டுகள் அல்லது 1,00,000 மைல் என்று நீட்டித்தது. அந்தக் காலக்கெடுவும் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று அந்தக் காரை வைத்திருப்பவருக்கு அவரும் அவருடைய பர்ஸும்தான் உத்தரவாதம்.

இங்கிலாந்தின் ஒரு சிறு ஊரில் ஒருவர் பழைய ஆர்.எக்ஸ்.-8 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்றவர் வயதானவர். காரைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவர். கடைக்குப் போவார், வருவார், அவ்வளவுதான். முள் 3,000-ஐத் தாண்டியதே இல்லை. ஓடியதும் குறைவு. பெயின்ட் பளபளக்கிறது. இதைவிட நல்ல கார் கிடைக்காது என்று வாங்கியவர் பூரித்துப்போகிறார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், பெட்ரோல் பங்க்கில் டேங்கை நிரப்பிவிட்டுச் சாவியைத் திருப்புகிறார். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. ஒரு மணி நேரம் ஆறவிட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. காலையில் நன்றாகக் கிளம்பி, சூடான பிறகு அடம்பிடிப்பதுதான் கம்ப்ரஷன் குறைந்த ரோட்டரியின் முதல் அடையாளம்.

அவர் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, எஞ்சினை இறக்கி, பிரித்து, சீல்களையெல்லாம் மாற்றுவது. காரின் விலையையே தொட்டுவிடும் செலவு. இன்னொன்று, ஒரு பாட்டில் கார்பன் கிளீனர். ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்கு ஆகும் காசுதான். யாராக இருந்தாலும் கை எந்தப் பக்கம் போகும்?

பாட்டில் முழுக்கப் பொய் கிடையாது. அதிலிருக்கும் கரைப்பான்கள், கரியைப் பிடித்துவைத்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை இளக்குகின்றன. சீல் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, பள்ளத்துக்குள் பிசுக்கில் சிக்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்றால், இந்த மருந்து அதை விடுவித்துவிடக்கூடும். எஞ்சின் மறுபடி மூச்சுவிடும். பல ஆண்டுகளாகச் சுட்டு இறுகி, கல்லாகிப்போன கரியிடம் அதன் ஜம்பம் அவ்வளவாகப் பலிக்காது.

கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. வெதுவெதுப்பான எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்ற வேண்டும். ஒரு ரோட்டாருக்கு இரண்டு, ஆக மொத்தம் நான்கு. அந்தத் துளை வழியே கொஞ்சம் மருந்து. பிறகு முன்பக்கப் புல்லியைக் கையால் கொஞ்சம் திருப்பி அடுத்த முகத்துக்கு. இப்படி மூன்று முகத்துக்கும் கொடுத்து, இரவு முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் பெட்ரோலும் பொறியும் வராதபடி துண்டித்துவிட்டு, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றி, உள்ளே தேங்கியதை வெளியேற்றுவார்கள். இதைச் செய்யாமல் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்வது முட்டாள்தனம். திரவத்தை அமுக்க முடியாது. அமுக்கப் பார்த்தால் எஞ்சின்தான் உடையும். வெளியே பீய்ச்சுவது எளிதில் தீப்பிடிக்கும் திரவம் என்பதையும் மறக்கக் கூடாது. திறந்த வெளி, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாமே அவசியம். பக்கத்தில் சிகரெட்டோடு யாரும் நிற்கக் கூடாது.

சிலர் ரசாயனத்தை நம்புவதில்லை. ஓடும் எஞ்சினின் வேக்வம் டியூப் வழியாகத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சவிடுவார்கள். சூட்டில் அது நீராவியாகிக் கரியை உரிக்கும். அங்கேயும் அவசரம் ஆகாது. மளமளவென்று ஊற்றினால் அதே ஆபத்துதான்.

பிறகு வருவதுதான் பெரிய காட்சி. எஞ்சின் உயிர்பெற்றதும் வெள்ளைப் புகை தெருவையே மூடும். ஜன்னல்கள் திறக்கும். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லலாமா என்று எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். காரின் சொந்தக்காரர் முகத்தில் மட்டும் அப்படி ஒரு நிம்மதி. ‘எவ்வளவு அழுக்கு வெளியே போகுது பார்!’

அங்கேதான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. அந்தப் புகையில் பெரும்பகுதி, அவர் ஊற்றிய மருந்தே எரியும் புகை. எஞ்சின் படுசுத்தமாக இருந்திருந்தாலும் புகை வந்திருக்கும். புகையைப் பார்த்து உள்ளே என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சொல்லக்கூடியது ஒரே ஒரு கருவி. ரோட்டரிக்கென்று இருக்கும் கம்ப்ரஷன் டெஸ்டர். சாதாரண மீட்டர் ஒரு எண்ணைத்தான் காட்டும். இது ஒரு ரோட்டாரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டும். ஆர்.எக்ஸ்.-8-க்கு 250 ஆர்.பி.எம்.-ல் குறைந்தது 680 கிலோபாஸ்கல் இருக்க வேண்டும். மருந்து ஊற்றிய கையோடு அளந்தாலும் பயனில்லை. சீல்களைச் சுற்றி எண்ணெய் ஈரம் இருக்கும்வரை கசிவு அடைபட்டு, எண் பொய்யாகக் கூடிக் காட்டும். நன்றாக ஓட்டி, ஈரம் எரிந்து, எஞ்சின் சூடாக இருக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். பழைய ரோட்டரி கார் வாங்கப்போகிறவர் இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் முன்பெல்லாம் குழந்தைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக விடுவார்கள். கொடுப்பதற்கு முன் பாட்டி முகத்தைப் பார்ப்பார், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சலில் துவண்டு கிடக்கும் குழந்தைக்குக் கொடுக்க மாட்டார். எஞ்சினுக்கும் அதே கணக்குதான். சீல் தேய்ந்துவிட்டிருந்தால், சுவரின் பூச்சு உரிந்துவிட்டிருந்தால், எந்தப் பாட்டிலும் அதைத் திருப்பித் தராது. சில சமயம் நிலைமை மோசமாவதும் உண்டு. கெட்டிக் கரி ஒரு துண்டாகப் பெயர்ந்து, சுழலும் சீலுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டினால் சீலின் முனை உடையும். உடைந்த துணுக்கு சுவரைக் கீறும். பாட்டில் காசில் முடிக்கப் பார்த்த வேலை, எஞ்சினை இறக்கும் வேலையாகிவிடும். அதனால் முதலில் அளந்து பார்ப்பது, பிறகு மருந்து, பிறகு மறுபடி அளப்பது. இந்த வரிசை மாறினால் மருந்து குணமாக்கியதா, கெடுத்ததா என்றே தெரியாமல் போகும்.

மருந்து வேலை செய்தாலும் பத்தியம் உண்டு. கரைப்பான் கரியோடு சேர்த்து ஆயில் படலத்தையும் கழுவிவிடும். கொஞ்சம் எஞ்சின் ஆயிலிலும் கலந்து அதை நீர்க்கவைக்கும். எனவே ஆயிலை மாற்ற வேண்டும். பிளக்குகளையும் மாற்ற வேண்டும். அடுத்த டேங்க் பெட்ரோலில் அளவாக டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஓட்டும் உரிமையாளர்கள் நிறையப் பேர். புகைபோக்கி வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் விலையுயர்ந்த பொருள். மாதம் ஒருமுறை இப்படிப் புகை போட்டால் அது தாங்காது.

நம் கற்பனை உரிமையாளரின் கார் பிழைத்ததா? சீல் சிக்கியிருந்தது என்றால் பிழைத்திருக்கும். தேய்ந்திருந்தது என்றால் இல்லை. ஆனால், இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம்: காரைப் பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்தப் பெரியவரின் அன்பு. மற்ற கார்களுக்கு நல்ல பழக்கம் என்று நாம் நினைப்பது இந்த எஞ்சினுக்குப் பட்டினி. கதவுக்கு வழிவிட வண்டியை ஸ்டார்ட் செய்து பத்தடி நகர்த்தி உடனே அணைப்பதுதான் அதற்குச் செய்யும் பெரிய கொடுமை. எரியாத பெட்ரோல் உள்ளே தேங்கி, அடுத்த முறை ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம்.

அதற்கு வேண்டியது வேறு. தினமும் சூடேறும் அளவுக்கு ஓட வேண்டும். சூடேறிய பிறகு, பாதுகாப்பான சாலையில், ஒருமுறையாவது முள் சிவப்புக் கோட்டைத் தொட வேண்டும். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்ற வேண்டும். குறைந்திருந்தால் கவலை வேண்டாம். அது குடிக்கத்தான் வேண்டும். குறையவே இல்லை என்றால்தான், ஆயில் பம்ப் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.