சாச்சாவின் ஸலாமுக்குப் பிறகு

எங்கள் சாச்சா துபாயிலிருந்து கடிதம் எழுதியதில்லை. எழுதினால் அவருடைய உம்மாவுக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டும். பேசினால் உம்மா தாமே கேட்டுக்கொள்வார் என்பது அவருடைய கணக்கு. 1980களில் வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய எத்தனையோ வீடுகளைப் போல, தென்காசியில் எங்கள் வீட்டுக்கும் ஒலிநாடாவில்தான் கடிதம் வந்தது. விடுப்பில் ஊர் திரும்பும் கடையநல்லூர்க்காரர் யாரேனும் கோடாலித் தைலத்தோடும் சோப்புக் கட்டிகளோடும் ஒரு கேசட்டையும் கொண்டுவந்து தருவார்.

1989ஆம் ஆண்டு ரமலானில் வந்த கேசட்டைத் தராவீஹ் தொழுகை முடிந்து வந்து வீட்டார் அனைவரும் சூழ்ந்து அமர்ந்து கேட்டோம். சாச்சா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நலம் விசாரித்தார். என்னிடம், "நல்லா ஓதுறியா? இந்த வருசம் ஐந்தருவியில தண்ணி எப்படி விழுதுன்னு பேசி அனுப்பு, சாரலச் சொல்லு" என்றார். உம்மாவிடம் துஆச் செய்யும்படி கேட்டார். "வஸ்ஸலாம்" என்றார். ஒரு சொடுக்குச் சத்தம் கேட்டது. உடனே எங்கிருந்தோ ஒரு கிதார் இழைந்து வர, ஆங்கிலத்தில் ஓர் ஆண் குரல் பாடத் தொடங்கியது.

வாப்பா சட்டென்று அணைத்தார். "யாரோட கேசட்டுல பேசியிருக்கான் பாரு" என்றார். பிறகுதான் தெரிந்தது: சாச்சா தம் அறையில் உடன் தங்கியிருந்த மலையாளி நண்பரிடம் காலி கேசட் கேட்டிருக்கிறார், அவர் தமக்குச் சலித்துப்போன பழைய கேசட் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். சாச்சாவின் குரல் அதன் தொடக்கத்தை அழித்துக்கொண்டு பதிவாகியிருந்தது. மிச்சம் அப்படியே இருந்தது.

எனக்கு அப்போது 13 வயது. எங்கள் வீட்டில் வாத்தியம் விலக்கப்பட்டது. ஆனால் நாகூர் ஹனீபா விலக்குக்கு விலக்கு. அவருடைய பாடல்களிலும் வாத்தியங்கள் ஒலித்தன என்பதை ஒருவரும் பேசியதில்லை. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவைக்காக வாப்பா டூ-இன்-ஒன்னின் முள்ளை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். மலையடிவாரமாகிய எங்கள் ஊரில் கொழும்பு ஒரு நாள் தெளிவாக வரும், மறுநாள் இரைச்சலாக வரும். நான் அறிந்திருந்த இசையெல்லாம் இவ்வளவே.

ஜூன் பிறந்து குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் ஐந்தருவிச் சாலையில் வாப்பா பழக்கடை போடுவார். மங்குஸ்தானும் ரம்பூட்டானும் நேந்திரமும் அடுக்கியிருக்கும். வாப்பா லுஹர் தொழப் போகும் வேளையில் கடை என் பொறுப்பு. அந்த அரைமணி நேரத்தில்தான் நான் அந்தக் கேசட்டை முழுமையாகக் கேட்டேன். சாச்சாவின் குரல் முதலில் வரும். அதைக் கடந்துதான் பாட்டுக்குப் போக வேண்டும். ஸலாம், சொடுக்கு, கிதார், குரல். பிறகு சாக்ஸபோன். அதற்குப்பின் ஏதோ இயந்திரம் இரையும் ஓசை வந்தபோது பெட்டி பழுதாகிவிட்டது என்று அஞ்சி மூடியைத் திறந்து பார்த்தேன். பெட்டியில் ஒரு குறையும் இல்லை; இரைச்சலே பாட்டு. இன்னும் சற்றுப் போனால் வானொலி முள்ளைத் திருப்பும் ஓசை, ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் கரகரப்பு, அதன் நடுவிலிருந்து சன்னமாக ஒரு கிதார். வாப்பா கொழும்பைத் தேடும் அதே ஓசை! எவனோ ஒரு வெள்ளைக்காரன் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பதிவு செய்தது போலிருந்தது. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த இடந்தான்.

அதற்கு என்ன பெயர் என்று சொன்னவர் கொல்லத்திலிருந்து குளிக்க வந்த ஒரு கல்லூரி மாணவர். ஈரத் துண்டோடு ரம்பூட்டானுக்கு விலை பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தி, "இது பிங்க் ஃபிளாய்ட் அல்லே?" என்றார். இப்படி நீண்டு போகும் பாட்டுக்குப் 'புரோகிரஸிவ் ராக்' என்று பெயர் என்றும், கிங் கிரிம்சன், ஜெனிசிஸ், யெஸ் என்று வேறு குழுக்களும் உண்டு என்றும் கூறினார். 'யெஸ்' ஒரு குழுவின் பெயர் என்பதை நான் நம்பவில்லை. என்னுடைய ஏதோ கேள்விக்கு ஆமாம் என்கிறார் என்றே எண்ணினேன்.

'முற்போக்கு ராக்' என்று தமிழில் சொன்னால் ஏதோ கட்சியின் கலை இரவு நினைவுக்கு வருகிறது. செய்தி அதுவன்று. சிறிய 45 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடப் பாட்டுத்தான் வசதியாக அடங்கும். பெரிய எல்.பி. தட்டில் பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் கிடைத்தன. 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் சில இளைஞர்கள் அந்த இடம் முழுவதையும் ஒரே பாட்டால் நிரப்பினால் என்ன என்று துணிந்தார்கள். 1969 அக்டோபரில் கிங் கிரிம்சனின் முதல் தட்டு வந்தது. 1972இல் 'யெஸ்' குழு ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டுக்குக் கொடுத்தது. அதே ஆண்டில் ஜெத்ரோ டல் குழு இரு பக்கங்களையும் ஒரே பாட்டாக்கியது; நடுவில் தட்டைத் திருப்பிப் போட வேண்டியதுதான் ஒரே இடைவெளி. சாச்சா அழித்துப் பேசியது 1975இல் வெளிவந்த 'விஷ் யூ வேர் ஹியர்'. நீ இங்கே இருந்திருக்கலாமே என்பது அந்தப் பெயரின் பொருள். அக்குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான சிட் பாரட் மனநலம் குன்றி 1968இல் விலகிப்போனார். அவரை எண்ணி இயற்றிய பாட்டு அது. 1975 ஜூனில் அத்தட்டின் வேலை நடந்துகொண்டிருந்தபோது பாரட் சொல்லாமல் கொள்ளாமல் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து நின்றாராம். தலையையும் புருவத்தையும் மழித்து, உடல் பருத்திருந்த அவரை நண்பர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை.

இவ்வளவு நீளப் பாட்டைக் கேட்கும் பொறுமை பதின்மூன்று வயதில் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டு. வாப்பாவிடமிருந்துதான் வந்தது. முந்திய ஆண்டு ரஜப் மாதம் பதினான்காம் இரவில் என்னைத் தக்கலைக்கு அழைத்துப் போயிருந்தார். பீர் முகம்மது அப்பா அடங்கியிருப்பது தக்கலையில். பிறந்தது நம் தென்காசியில். நெசவு செய்துகொண்டே பாடிய அந்த ஞானியின் 'ஞானப்புகழ்ச்சி'யை அன்றிரவு விடிய விடிய ஓதுவார்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள். நான் அமர்ந்திருந்த இடத்தில் வாத்தியம் ஏதும் கேட்கவில்லை. ஒரு வரிசை எடுத்துக் கொடுக்க, இன்னொரு வரிசை வாங்கிக்கொள்ளும். நான் தூங்கி விழுந்து விழித்தபோதெல்லாம் அதே ஓதல் வேறோர் இடத்தில் போய்க்கொண்டிருந்தது. பாட்டென்பது ஓர் இரவு முழுவதும் தங்கும் வீடு என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. தர்கா நிகழ்ச்சிகளில் உடன்பாடு இல்லாத சகோதரர்கள் இங்கே வாசிக்கிறார்கள் என்பதை அறிவேன், நடந்ததைச் சொல்கிறேன்.

இனிச் சொல்ல வேண்டியது சுலபமானதன்று. ஒவ்வொரு முறை கேட்டு முடித்ததும் தொடக்கத்துக்குச் சுற்றி வைப்பேன், வாப்பாவுக்குத் தெரியக்கூடாதே என்று. ஆகையால் நாடாவின் தொடக்கந்தான் அதிகம் தேய்ந்தது. 1990 சீசனில் ஒரு நாள் சாச்சா பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் குழறி, பெட்டி நாடாவை விழுங்கிவிட்டது. இழுத்தேன், அறுந்தது. கசங்கிப்போன பகுதியைக் கத்தரித்துவிட்டுச் செல்லோடேப்பால் ஒட்டி, பென்சிலை விட்டுச் சுற்றினேன். பாட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. சாச்சாவின் பேச்சில் எஞ்சியது "வஸ்ஸலாம்" என்ற ஒரு சொல்லும் அந்தச் சொடுக்கும் மட்டுமே. கத்தரித்து எடுத்த நாடாவை ஐந்தருவி ஓடையில் போட்டேன். வேறு கேசட்டுகள் இருக்கின்றனவே என்று அப்போது நினைத்தேன். அவற்றின் மேல் நாங்களே பதில் பேசித் துபாய்க்குத் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்பது நினைவுக்கு வரவில்லை.

சாச்சா 1994இல் அங்கேயே வஃபாத்தானார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். காயிப் ஜனாஸா தொழுத மறுநாள், அவருடைய உம்மா அந்தக் கேசட்டைப் போடச் சொன்னார். வாப்பா போட்டார். ஒரு சொல் வந்தது, பாட்டு வந்தது. வாப்பா அணைத்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை. கேசட்டைத் தம் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

அதன்பின் பல ஆண்டுகள் எந்த இசையும் கேளாமல் இருந்தேன். தண்டனை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டதுதான். 2008இல் கொச்சியில் வேலையில் இருந்தபோது உடன் பணியாற்றிய ஒருவர், அவ்வூர்க் குழுவாகிய மதர்ஜேனின் புதிய தட்டைக் கொடுத்தார். அதன் பெயர் 'மக்தூப்'. எழுதப்பட்டது என்னும் அரபுச் சொல்லைக் கண்டதும் கை தானாக வாங்கிக்கொண்டது. பைஜு தர்மஜனின் கிதார் கர்நாடக கமகங்களை வளைத்து வளைத்து இழுத்தது. செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பாலேயே இப்படி ஓர் இசை வளர்ந்திருக்கிறது என்பது வியப்பாக இருந்தது. அந்த வாரமே ஒரு கடையில் 'விஷ் யூ வேர் ஹியர்' குறுந்தகட்டையும் வாங்கினேன். அதன் தொடக்கத்தை நான் கேட்டதே இல்லை அல்லவா?

தொடக்கத்தில் பாட்டே இல்லை. மெல்ல எழும் ஒரு மூட்டம். தனியாக நான்கு கிதார்ச் சுரங்கள். பிறகு நீண்ட காத்திருப்பு. எட்டரை நிமிடங்களுக்கு மேல் கடந்த பின்னரே முதல் மனிதக் குரல் வருகிறது. சாச்சா பேசியதும் ஏறத்தாழ அவ்வளவு நேரந்தான். பாடகர் வாய் திறக்காமல் விட்டிருந்த இடத்தில் சாச்சா உட்கார்ந்து, எங்கள் எல்லாரையும் பெயர் சொல்லி விசாரித்துவிட்டு, ஸலாம் சொல்லி எழுந்து போயிருக்கிறார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இசை கூடுமா என்று என்னிடம் ஃபத்வா கேட்காதீர்கள். பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் இரு சிறுமியர் பாட, கண்டித்த அபூபக்ர் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியில் இருக்கிறது. இசைக்கருவிகளை ஆகுமாக்கிக்கொள்ளும் கூட்டத்தைப் பற்றிய எச்சரிக்கையும் அதே புகாரியில் இருக்கிறது. இசை விரும்பிகள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைத் துணைக்கு அழைப்பார்கள். இஹ்யாவில் செவியேற்றல் பற்றி அவர் தனிப் பாகமே எழுதியிருப்பது மெய்; கேட்பவன் உள்ளத்தில் இருப்பதையே அது கிளறும் என்று வாதிடுவதும் மெய். ஆனால் நரம்புக் கருவிகளை அவர் அந்த அனுமதியிலிருந்து விலக்கிவிடுகிறார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. கிதாருக்கு ஆறு நரம்புகள். என் பக்கம் வலுவானதன்று என்பதைத் தெரிந்தேதான் கேட்கிறேன். தொழுகையை அது தின்னாதபடி பார்த்துக்கொள்கிறேன்.

சென்ற சீசனில் என் மகன், அவனுக்கும் இப்போது பதின்மூன்று, என் கைப்பேசியில் அந்தப் பாட்டைக் கண்டெடுத்துத் திண்ணையில் ஒலிக்கவிட்டான். வெளியே சாரல். வாப்பாவுக்கு எண்பது கடந்துவிட்டது. நாற்காலியில் கண்மூடித் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்தார். அணைக்கச் சொல்ல நான் எழுவதற்குள் நீண்ட தொடக்கம் முடிந்து குரல் வந்துவிட்டது. வாப்பா கண் திறந்தார்.

"இதுக்கு முன்னாலதான தம்பி ஸலாம் சொல்லுவான்" என்றார்.

நான் பேசவில்லை. "நீங்க எல்லாம் தூங்குன பெறவு போட்டுக் கேப்பேன். அந்த ஒரு சொல்லுதான மிச்சம். சொன்னதும் அணைச்சிரணும்னுதான் நெனப்பேன்" என்றார். பிறகு பேரனைப் பார்த்து, "இன்னும் எவ்வளவு நேரம் ஓடும்?" என்றார்.

"அஞ்சு நிமிசம்."

அஸர் பாங்குக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வாப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.