ஸ்பேனருக்கு முன் மீட்டர்

கார் பேட்டரியைக் கழற்றி மாட்டப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். பழகிய கைக்குக் கால்மணி நேர வேலை. இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் எங்கள் தொழிலில் அவசரம் அதிகம் நடப்பதும் இங்கேதான். "செல்ஃப் எடுக்கலையா? பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று பானெட்டைத் தூக்குவதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். வேலூரில் கார் எலெக்ட்ரிகல் வேலை பார்க்கிறவன் நான். புது பேட்டரி கேட்டு வருகிற வண்டிகளில் பலவற்றுக்கு அது தேவைப்படுவதில்லை. தேவைப்படுகிற வண்டியிலும், பழையது எதனால் செத்தது என்று பார்க்காமல் புதியதை வைத்தால் அதுவும் அதே வழியில் போய்ச் சேரும்.

முதல் சோதனை காதுக்குத்தான். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்வேன். லைட் மங்காமல் இருக்க, 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்தால் பார்க்க வேண்டிய இடம் ஸ்டார்ட்டர் மோட்டார். 'டகடகடக' என்று அடித்து லைட்டும் துடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் பிடிப்பு இல்லை. இஞ்சின் முக்கி முக்கிச் சுற்றினால் பேட்டரி வீக்காக இருக்கலாம். எர்த் கேபிளாகவும் இருக்கலாம். டேஷ்போர்டே இருட்டு என்றால் டெர்மினலைக் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். அதன்மேல் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருக்கும் பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீர் விட்டுக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கிய மாத்திரத்தில் கிளம்பிப் போன வண்டிகள் எத்தனையோ.

அடுத்தது மீட்டர். பேட்டரிக்குள் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 அல்லது 12.7 காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 11.8-க்கு வந்துவிட்டால் காலி. 10.5-ஐ ஒட்டியே நின்று, சார்ஜரில் போட்டும் ஏற மறுத்தால் ஒரு செல் ஷார்ட் ஆகியிருக்கிறது; அதற்கு வைத்தியம் கிடையாது. நிற்கும்போது காட்டுகிற வோல்ட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. 12.6 காட்டிய பேட்டரி, செல்ஃப் அடித்த நொடியில் எட்டுக்குச் சரிவதுண்டு. அந்த நேரத்தில் 9.6-க்குக் கீழே இறங்காமல் தாங்குகிறதா என்பதுதான் உண்மையான கேள்வி. மூடியில் பதித்திருக்கும் பச்சைக் கண்ணையும் முழுதாக நம்ப வேண்டாம். அது ஆறு செல்களில் ஒன்றை மட்டும் பார்க்கிறது. மற்ற ஐந்தின் கதை அதற்குத் தெரியாது.

பேட்டரி எப்படிச் சாகிறது என்பதை வாடிக்கையாளருக்கு உட்கார வைத்துச் சொல்ல எனக்குப் பிடிக்கும். ஒரு தட்டில் ஈய டை ஆக்சைடு, இன்னொன்றில் பஞ்சு போன்ற ஈயம், நடுவே தண்ணீர் கலந்த கந்தக அமிலம். 1859-இல் பிரான்ஸில் காஸ்டன் பிளான்டே செய்து காட்டிய அடிப்படை இன்றுவரை மாறவில்லை. சார்ஜ் இறங்கும்போது இரண்டு தட்டுகளிலும் ஈய சல்பேட் படியும். ஏற்றும்போது அது மறுபடி ஈயமாகவும் அமிலமாகவும் பிரியும். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டுவிட்டால் அந்தப் படிவு கெட்டிப் படிகமாக இறுகிப்போகும். அதற்குப் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அந்தப் பகுதி வேலைக்கு ஆகாது. 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்து வண்டிகள் மாதக்கணக்கில் வாசலில் நின்றபோது, நல்ல பேட்டரிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தது இப்படித்தான். தினமும் இரண்டு கிலோமீட்டர் போய் வருகிற வண்டியிலும் இதே கதைதான், மெதுவாக நடக்கும். செல்ஃப் அடிக்கச் செலவான சார்ஜ் திரும்பி வருவதற்குள் இஞ்சினை அணைத்துவிடுகிறோம்.

இன்னொரு காரணம் வெயில். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சூடு ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் உள்ளே நடக்கிற அரிப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கத்திரி வெயிலில், இஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பேட்டரி என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். பட்ட அடி அப்போது வெளியே தெரியாது. மார்கழி விடியற்காலையில், குளிர்ந்த இஞ்சினைச் சுற்ற முழு பலம் தேவைப்படும்போதுதான் காலை வாரும். 'நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே' என்பார்கள். நேற்றே அது பாதி செத்திருந்தது. மூடி திறக்கிற மாதிரி பேட்டரி என்றால் கோடைக்கு முன் அளவு பார்த்து டிஸ்டில்டு வாட்டர் விட வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரும் ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் அதற்குப் பதிலாகாது. ஆசிட் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்தான்.

சில பேட்டரிகள் மூப்பினால் சாவதில்லை. வண்டியே அவற்றைக் கொல்கிறது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். "தம்பி, ஒரே வருஷத்துல ரெண்டு புது பேட்டரி மாத்திட்டேன். இதுவும் ஒரு வாரம் வண்டி எடுக்கலேன்னா படுத்துடுது. கம்பெனி பேட்டரியே இப்ப சரியில்லையா?" என்றார். "பேட்டரியக் குத்தம் சொல்லாதீங்கய்யா, வண்டிய ஒரு மணி நேரம் எங்கிட்ட விடுங்க" என்றேன். எர்த் கேபிளைக் கழற்றி, நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்து, கதவுகளைப் பூட்டிவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தேன். இந்தக் காலத்து வண்டிகளில் உள்ளே இருக்கும் கணினிகள் தூங்க அவ்வளவு நேரம் ஆகும். எல்லாம் அடங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் காட்ட வேண்டும். இதில் 200-க்கு மேல் நின்றது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்ததில் இறங்கவில்லை. அப்படியென்றால் ஃப்யூஸ் பெட்டியைத் தொடாமல், பேட்டரியிலிருந்து நேரே ஏதோ போகிறது. டிக்கியில் வைத்திருந்த பாட்டு ஆம்ப்ளிஃபையர்! வாங்கிய இடத்தில் மாட்டிக் கொடுத்தவர், சாவி எடுத்தால் அணைகிற வயரோடு அதை இணைக்காமல் விட்டிருந்தார். கணக்கைப் போட்டுக் காட்டினேன்: 0.2 ஆம்பியர், ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர்-மணி, 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரே வாரத்தில் காலி. வாத்தியார் கணக்கு வாத்தியார்தான், உடனே பிடித்துக்கொண்டார். ஒரு வயரைச் சரிசெய்து, பேட்டரியை ஓர் இரவு மெதுவாகச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தேன்.

இஞ்சின் ஓடும்போது டெர்மினலில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். பேட்டரி மாற்றுமுன் இதைப் பார்க்காதவர் பாதி வேலைதான் செய்கிறார். குறைந்தால் ஆல்டர்னேட்டரோ ஃபேன் பெல்ட்டோ சரியில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுப் பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. எந்தப் பேட்டரி வைத்தாலும் ஊதிப்போகும். புதிய வண்டிகள் சிலவற்றில் கணினியே இந்த வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும். அங்கே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் பேட்டரிதான் போயிருக்கிறது என்றால் தாராளமாக மாற்றலாம். பழையதன்மேல் இருக்கும் குறியீட்டைப் படித்து அதையே வாங்குங்கள். 38B20L என்பதில் கடைசி எழுத்து டெர்மினல் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. R வாங்கி வந்தால் கேபிள் எட்டாது, இழுத்துக் கட்டினால் ஆபத்து. சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்புகிற வண்டிக்கு அதற்கென்று செய்த ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். பேட்டரிதான் வைக்க வேண்டும். விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரி வைத்தால் சீக்கிரம் திரும்பி வருவீர்கள். தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். கடை அலமாரியில் ஆறு மாதம் கிடந்தது, பெட்டி பிரிக்காமல் இருந்தாலும் புதியது ஆகாது.

கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுத்ததில்லை. வண்டியின் பாடி முழுவதும் எர்த். எர்த் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் நட்டில் இருக்கிற ஸ்பேனர் எங்கேயாவது இரும்பில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். ஸ்பேனர் பழுக்கும், கையில் மோதிரம் இருந்தால் விரலையும் சுடும். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் விடுகிறது. காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்கும். அதனால்தான் பீடியை வைத்துக்கொண்டு பானெட்டுக்குள் குனிகிறவர்களை நான் கடையில் விடுவதில்லை. பேட்டரியை உட்கார வைத்ததும் கிளாம்ப்பை இறுக்குங்கள். நம் சாலைகளில் ஆடிக்கொண்டே போகிற பேட்டரியில் தட்டுகள் உதிரும். டெர்மினலை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முதலில் தடவினால் பிடிப்புக் கெடும். புது வண்டிகளில் பவர் விண்டோவையும் கடிகாரத்தையும் மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும். சில வண்டிகளில் புது பேட்டரியை ஸ்கேனர் வைத்துக் கணினியில் பதிய வேண்டும். அதை முன்பே சொல்லிவிட்டால் வண்டிக்காரர் வழியில் பதற மாட்டார்.

பழையது என்ன ஆகிறது? என் மனதை அதிகம் உறுத்துவது இந்தக் கேள்விதான். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அந்த ஈயத்தை முழுக்க உருக்கி மறுபடி பேட்டரி செய்யலாம். இவ்வளவு நன்றாகத் திரும்பப் பயன்படுகிற பொருள்கள் குறைவு. ஆனால் உரிமம் இல்லாத பட்டறையில் கோடரியால் உடைத்து, ஆசிட்டை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் உருக்கினால் அந்தப் புகையும் தூசும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறும். குழந்தைகளின் மூளையைக் கெடுக்காத ஈய அளவு என்று ஒன்று கிடையாது. பழைய பேட்டரியைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று 2001-லேயே நாட்டில் விதி வந்தது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பேட்டரி செய்கிற நிறுவனங்களின் தலையிலேயே அந்தப் பொறுப்பை வைத்தன. விதி இருந்தும், தெருவில் கூவி வருகிற வண்டிக்காரர் நூறு இருநூறு கூடத் தருகிறார் என்று கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புதியதை வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, பில்லில் அதன் விலையைக் கழித்து எழுதச் சொல்லி வாங்குங்கள்.