சாவடிகளின் அழகு

ரைன் நதியில் பிங்கன் தொடங்கி கோப்லென்ஸ் வரை 65 கிலோமீட்டர். இந்தத் துண்டை யுனெஸ்கோ 2002-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு கரையிலும் சேர்த்து நாற்பது கோட்டை தேறும். கப்பலின் மேல்தளத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காதில் மாட்டிய கருவியில் வழிகாட்டிப் பெண் இடது என்றால் இடமும் வலது என்றால் வலமுமாகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தோம். திராட்சைத் தோட்டம், பாழடைந்த கோபுரம், மறுபடி திராட்சைத் தோட்டம். எல்லாரும் உருகினார்கள். எனக்கு ஒரே சந்தேகம்தான்: கூப்பிடு தூரத்துக்கு ஒரு கோட்டை எதற்கு? அத்தனை எதிரியா?

காவுப் என்ற சிற்றூரில் விடை கிடைத்தது. ஆற்றுக்கு நடுவே ஒரு பாறைத்திட்டு. அதன்மேல் கப்பல் மாதிரியே மூக்கு நீட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோட்டை. ஃபால்ஸ்கிராஃபென்ஷ்டைன் என்று பெயர். பவேரியா லூட்விக் மன்னன் 1327 வாக்கில் கட்ட ஆரம்பித்தது. வேலை, சுங்கம் வாங்குவது. ஆற்றுக்குக் குறுக்கே சங்கிலி போட்டுப் படகை மறிப்பார்கள். தகராறு செய்கிற வியாபாரியைக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீரில் மிதக்கும் பலகையின்மேல் உட்கார வைப்பார்களாம்.

"அட, டோல்கேட்!" என்றேன் சத்தமாகவே. நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி கையைக் கிள்ளினாள்.

அத்திபெலேயில் குடியிருக்கிறவனுக்கு இந்த விஷயத்தில் பார்வை கொஞ்சம் கூர்மை. கர்நாடகம் முடிகிற ஊர் எங்களுடையது, ஆனேக்கல் தாலுகா. அந்தப் பக்கம் ஜூஜூவாடி, ஓசூர். நடுவே டோல்கேட், செக்போஸ்ட். ஜி.எஸ்.டி. வந்தபின் வணிகவரிச் சாவடிகள் போய்விட்டன. அதற்கு முன்னால் லாரி வரிசை நின்றால் நின்றதுதான். கிளீனர் பையன் இறங்கிக் கட்டையால் டயரைத் தட்டித் தட்டிப் பார்ப்பான். டிரைவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடிப்பார். இன்றைக்கும் மாநிலம் தாண்டுகிற மஞ்சள் போர்டு வண்டிக்கு பர்மிட் கட்டாமல் தீராது. எனக்குத் தெரிந்த ஓசூர் டாக்ஸிக்காரர் ஒருவர் ரசீதை நாலாக மடித்து, டேஷ்போர்டில் இருக்கும் முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். படத்துக்கு முன்னால் ஊதுபத்தி. இன்னும் கொஞ்ச நாளில் முருகன் கண்ணாடியில் முட்டிக்கொள்வார் போலிருக்கிறது.

சுங்கத்தை ரசிப்பதில் எனக்கு ஒரு முன்னோடி உண்டு: கடியலூர் உருத்திரங்கண்ணனார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாட வந்த மனிதர், பரதவர், கள், திருவிழா எல்லாம் பாடிவிட்டுச் சுங்க அதிகாரிகளிடம் வந்து நின்றுவிடுகிறார். சூரியன் தேரில் பூட்டிய குதிரைகளைப் போல அவர்கள் நாள்தோறும் சளைக்காமல் வரி வாங்குகிறார்களாம். சாவடி ஆட்களுக்கு இப்படியொரு மரியாதையை வேறு எந்தக் கவிஞனும் செய்து நான் படித்ததில்லை. கடலிலிருந்து இறங்குவதும் கடலுக்கு ஏறுவதுமாகச் சரக்கு வந்து குவிகிறது. மூட்டைகளுக்குப் புலி முத்திரை குத்தி முற்றத்தில் அடுக்குகிறார்கள். காவலோ கடுங்காவல். இவ்வளவும் சொன்ன புலவர் கண் அடுத்து எங்கே போகிறது? அந்த மூட்டைப் போரின் உச்சிக்கு. அங்கே கூர்நகமும் வளைந்த காலுமாக ஒரு கடுவன் நாய், ஆட்டுக்கிடாவோடு சேர்ந்து துள்ளிக்கொண்டிருக்கிறது. சோழனின் முத்திரை விழுந்த சரக்கின்மேல் நாய் ஆடுகிறது; அதை யாரும் விரட்டியதாகப் பாட்டில் இல்லை. வேலை மும்முரத்தில் அதிகாரிகள் நிமிரவே இல்லை போலும். இதை எட்ட நின்று பார்த்து எழுத முடியாது. வரிசையில் வெகுநேரம் நின்றவனுக்குத்தான் நாய் கண்ணில் படும்.

இவர் பெயரிலேயே உள்ள பெரும்பாணாற்றுப்படையிலும் சுங்கம் வருகிறது. மிளகுப் பொதி இரண்டு பக்கமும் சமமாகத் தொங்க, கழுதைகள் போகின்றன. சுங்கம் வாங்குகிற பெருவழிக் கூட்டுச்சாலையில் வில்லோடு ஆட்கள் காவல் நிற்கிறார்கள். துறைமுகத்தில் ஒன்று, நெடுஞ்சாலையில் ஒன்று. மனிதர் நன்றாக மாட்டியிருக்கிறார்.

கப்பலில் இதையெல்லாம் யாரிடம் சொல்வது? பக்கத்து நாற்காலியில் கோயம்புத்தூர்க்காரர், வங்கியில் ஓய்வு பெற்றவர். "நம்மகிட்டயும் வரியைத் தூக்கின ராஜா இருந்தாருங்களே" என்று எடுத்துக் கொடுத்தார். சுங்கம் தவிர்த்த சோழன், முதலாம் குலோத்துங்கன். பதினோராம் நூற்றாண்டிலேயே ஆட்சிக்கு வந்தவன். ரைன்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1254-இல் நதிக்கரை நகரங்கள் கூட்டணி கட்டிச் சாவடிகளை எதிர்த்தன. 1282-இல் ருடால்ஃப் மன்னன் ராய்ஷென்ஷ்டைன், சோனெக் என்று இரண்டு கொள்ளைக் கோட்டைகளை இடித்தான். ஆனாலும் காவுபில் 1860-கள் வரை வசூல் நடந்தது. 1868 மான்ஹைம் ஒப்பந்தம் வந்துதான் ரைனில் கப்பல் போக்குவரத்துக்குச் சுங்கமே கூடாது என்று முடிவாயிற்று. இடித்தவற்றையும் சும்மா விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஷ்ய இளவரசர்கள் சோனெக் போன்ற இடிபாடுகளை வாங்கி, அழகுக்காகத் திரும்பக் கட்டினார்கள். எத்தனை படகோட்டிகள் வயிறெரிந்து சபித்த இடம்! அதைப் பார்க்க நாங்கள் சேமிப்பை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

வழிகாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். பாவம், எண் எழுதிய மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களை மேய்க்கிற வேலை அவளுக்கு. ஆனால் லோரெலாய் பாறையில் தலைவாரிப் படகோட்டிகளை மயக்கிய பெண்ணுக்குக் கால்மணி நேரம் ஒதுக்கியவள், சங்கிலிக்கும் கிணற்றுக்கும் அரை நிமிஷம்தான் கொடுத்தாள். படகு கவிழ்ந்தால் கவிதை. காசு பிடுங்கினால் அடிக்குறிப்பு.

கடைசி நாள் காலை அறைக் கதவுக்கு அடியில் ஒரு உறை கிடந்தது. கப்பல் ஊழியர்களுக்கு அன்பளிப்பு, முழுக்க முழுக்க உங்கள் விருப்பம் என்று எழுதி, தலைக்கு நாளுக்கு எவ்வளவு யூரோ என்பதையும் அச்சடித்திருந்தார்கள். மான்ஹைம் ஒப்பந்தத்தை மேற்கோள் காட்டி நான் வாதாட ஆரம்பித்தேன்.

"பேசாம கட்டிடுங்க," என்றாள் மனைவி, பெட்டியை மூடிக்கொண்டே. "கிணத்துல பலகை போட்டு உட்கார வெச்சா, உங்க முட்டிக்கு ஆகாது."

கட்டினேன். ரசீது தரவில்லை.