அண்ணன் பெயரில் போட்ட இலை

மகளுக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்டபோது, எங்கள் ஊர் கட்டபெட்டில் என்னைவிட ஏழை இல்லை என்று காகிதத்தில் காட்டியிருந்தேன். என் மனைவி கேட்டது அதைப்போல இரண்டு மடங்கு. குறைத்துவிட்டோம் என்று அன்று சந்தோஷப்பட்டேன்.

அந்தக் காகிதம் பொய். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் எழுதிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்களைப் போன்ற விவசாயக் குடும்பங்களுக்குத் தனிப் படிவமே உண்டு. நிலம் எவ்வளவு, என்ன விளைகிறது என்று கேட்கும். நான் நிலத்தை மறைக்கவில்லை. பட்டா இருக்கிறதே, மறைக்க முடியாது. தேயிலையை மறைத்தேன். பறித்த கொழுந்தில் பாதிக்குமேல் அண்ணன் பெயரில் ஃபேக்டரிக்குப் போனது. மாதக் கணக்கு அவர் வங்கிக்கு வரும், அவர் எடுத்து என் கையில் கொடுப்பார். அண்ணன் தம்பி இலை ஒரே கணக்கில் போவது எங்கள் பக்கம் யார் கண்ணையும் உறுத்தாது. மீதிக்கு ஒரே பல்லவி: பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை. விலை இல்லாத மாதங்கள் உண்டு, பொய்யில்லை. விலை ஏறிய மாதங்களிலும் அதையேதான் சொன்னேன். கவ்வாத்துக் கூலிக்கும் உரத்துக்கும் பணம் புரண்டது. ஸ்கூல் ஃபீஸுக்கு மட்டும் புரளவில்லை.

குறைத்து வாங்கிய 4,000-ஐயாவது ஒழுங்காகக் கொடுத்தேனா என்றால், அதுவும் இல்லை. மகளைப் பார்க்க விடுவதில்லை, எதற்குப் பணம் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டீக்கடையில் நாலு பேர் தலையாட்டினார்கள். பார்க்கும் உரிமைக்குத் தனியாக மனு போட வேண்டும், அதைக் காட்டிப் பணத்தை நிறுத்தக்கூடாது என்று என் வக்கீலே சொன்னார். காதில் வாங்கவில்லை. மனு போட்டேனா? அதுவும் போடவில்லை. உண்மையில் மகளைப் பார்ப்பதைவிட அவள் அம்மாவைத் தோற்கடிப்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது. பணம் மனைவிக்குப் போகிறது என்று நினைத்தேன். ஆனால் மனைவி சம்பாதித்தாலும், நாளைக்கு வேறு கல்யாணமே செய்துகொண்டாலும், பிள்ளையின் பங்கு பிள்ளைக்குத்தான் என்பது சட்டம்.

இதைவிடக் கேவலமானது ஒன்று உண்டு. ஜீவனாம்சம் பற்றிய, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144-ஆவது பிரிவாகிவிட்டது. இரண்டிலும் ஒரு வரி அப்படியே இருக்கிறது: பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுத்தால்தான் அதற்கு வாரண்ட். இதை நான் எங்கோ கேட்டுத் தெரிந்துகொண்டேன். மனைவிக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். அவ்வப்போது ஆயிரம், ஐநூறு அனுப்பி, அடுத்த மாதம் தருகிறேன் என்று இழுத்தேன். மாதங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகட்டும் என்று காத்திருந்தேன்.

கடைசியில் அவள் மனு போட்டாள். வாரண்ட் வந்தது. கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை. உள்ளே போய் வந்தால் கணக்குத் தீர்ந்தது என்று ஒருவர் யோசனை சொன்னார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். சிறை என்பது வசூலிக்க ஒரு வழிதானே தவிர, சிறையில் இருந்ததால் பாக்கி அழியாது என்று 1989-லேயே குல்தீப் கௌர் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. அண்ணனிடம் இருந்ததை வாங்கி, கடனும் வாங்கிக் கட்டினேன். மனசாட்சிக்காகக் கட்டியதில்லை, போலீஸுக்குப் பயந்து கட்டியது.

அந்த மனுவில் இருந்த மாதங்களுக்குத்தான் கட்டினேன். அதற்கு முந்தையவற்றை வாரண்ட் தொடவில்லை, நானும் கொடுக்கவில்லை. கடன் கடன்தான் என்று தெரிந்தும் கொடுக்கவில்லை. இலை இப்போது என் பெயரிலேயே போகிறது. பிரமாணப் பத்திரத்தில் எழுதிய பொய்யை இன்னும் கோர்ட்டில் சொல்லவில்லை.

கையில் உத்தரவை வைத்துக்கொண்டு, தருவான் தருவான் என்று காத்திருக்கும் தாய்மார்கள் யாராவது இதைப் படித்தால், ஓராண்டு தாண்டுமுன் மனு போட்டுவிடுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். ஊட்டியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.